நான் போய்ச் சேர்வதற்கு முன்பே சேணம் பூட்டி நின்ற குதிரை: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

குதிரை வாங்க எண்ணியிருப்பவர்கள், அதிலும் என்னைப் போல இரண்டொரு குதிரைகளை வைத்துக்கொண்டு பிறருக்குச் சவாரி சொல்லித்தருபவர்கள், நான் ஏமாந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரையோ ஊரையோ குறிப்பிடப் போவதில்லை. அவர் கையாண்ட முறை அவர் ஒருவருக்கே உரியதன்று. அந்த முறையை அடையாளம் காணத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் தொழில்முறைப் பயிற்றுநர் அல்லன். வாரநாட்களில் எனக்கு வேறு வேலை உண்டு. விடியும் முன் எழுந்து லாயத்தைக் கூட்டி, வைக்கோல் படுக்கையைப் புரட்டிப் போட்டு, உலர்புல்லும் தண்ணீரும் வைத்து, ஒவ்வொரு குளம்பையும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்த பிறகே அந்த வேலைக்குக் கிளம்புவேன். மாலைகளிலும் வாரயிறுதிகளிலும் ஏழெட்டுப் பிள்ளைகளும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரும் சவாரி பழக வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரை முதன்முதலில் சுமந்தது என் பழைய பெட்டைக் குதிரை. அதற்கு 24 வயதாகி முதுகு இறங்கத் தொடங்கியதும் ஓய்வு கொடுத்துவிட்டேன். மற்றொரு குதிரை எனக்கு அடங்குமே தவிர, புதியவர்களை ஏற்ற முடியாது. ஆகவே பிள்ளைகளை நம்பி ஏற்றக்கூடிய சாதுவான குதிரை ஒன்று விரைவில் தேவைப்பட்டது. இந்த அவசரத்தை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே விற்பவரிடம் நானாகவே சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பழுப்பு நிறம், காயடித்த ஆண், 9 வயது, சிறுபிள்ளையும் ஏறலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. பார்க்க வருவதற்கு ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்த விற்பனையாளர், பாதி வழியில் ஒருமுறை அழைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது குதிரைக்குக் கடிவாளமும் சேணமும் பூட்டி நிழலில் கட்டியிருந்தார்கள். கழுத்திலும் வயிற்றுப் பட்டை ஓரத்திலும் வியர்வை காய்ந்தும் காயாமலும் இருந்தது. "உங்கள் நேரம் வீணாகக் கூடாது என்று சற்று ஓட்டித் தயாராக வைத்திருக்கிறோம், சார்" என்றார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மரியாதையால் நான் இழந்தவை பல. லாயத்துக்குள் ஆள் நுழையும்போது குதிரை காதைப் பின்னுக்கு மடக்குகிறதா, தலைக்கயிறு போட விடுகிறதா, பட்டையை இறுக்கும்போது கடிக்க வருகிறதா என்று எதையும் நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரவெல்லாம் நின்ற குதிரை லாயத்தை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளை நான் பார்க்கவில்லை. சில கால் கோளாறுகளில் குதிரை உடல் சூடேறச் சூடேறச் சீராக நடக்கத் தொடங்கிவிடும். அவை வெளிப்படுவது அந்தக் குளிர்ந்த முதல் அடிகளில்தான். துடுக்கான குதிரையாக இருந்தால், நீண்ட கயிற்றில் ஒரு மணி நேரம் வட்டமாக ஓடவிட்டால் போதும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்தக் குதிரையும் சாதுதான். இவற்றையெல்லாம் என் மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னவன் நான் என்பதையும் இங்கே பதிவுசெய்துவிடுகிறேன்.

முதலில் அவர்கள் ஆளும் பிறகு நானும் ஏறிப் பார்த்தோம். நடையும் டிராட் எனப்படும் துள்ளோட்டமும் குறையின்றி இருந்தன; அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் மட்டும் சற்று மந்தம். தலையைத் தாழ்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, பக்கத்தில் இரும்பு வாளி ஒன்று உருண்டபோதும் காதைக்கூடத் திருப்பாமல் நின்றது. கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை சற்று வெளியே தெரிந்ததையும், குறி உறைக்குள் அடங்காமல் தளர்ந்து தொங்கியதையும் நான் கண்டேன். வெயிலும் களைப்பும் காரணமாக இருக்கும் என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொண்டேன். அசிப்ரோமசின் என்னும் மயக்கமூட்டி கொடுக்கப்பட்ட ஆண் குதிரையிடம் காணப்படும் அறிகுறிகள் இவை என்பதைப் பின்னர் என் கால்நடை மருத்துவர் வரிசையாகச் சொன்னபோது, ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட வேண்டியிருந்தது. அந்த மருந்தின் விளைவு சில மணி நேரமே நீடிக்கும். அந்த நேரத்திலும் குதிரை திடீரென்று மிரளாது என்பதற்கு உறுதி இல்லை. கால் தடுமாறும் வாய்ப்பும் கூடுதல். அத்தகைய குதிரையின்மேல்தான் நான் தலைக்கவசப் பட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

வாங்குவதற்கு முன் செய்யும் மருத்துவச் சோதனையைப் பற்றிக் கேட்டேன். ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்று ஒரு சான்றிதழைக் காட்டினார். மற்றொருவர் அடுத்த நாளே பணத்தோடு வருவதாகவும், என் மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் குதிரை கைமாறிவிடும் என்றும் சொன்னார். அந்தச் சான்றிதழில் குதிரையின் நிறமும் உயரமும் இருந்தனவே தவிர, தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லின் (மைக்ரோசிப்) எண் இல்லை. முழுத்தொகையையும் கொடுத்தேன். கைக்கு வந்த ரசீதில் "பழுப்பு நிறக் குதிரை ஒன்று" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

நான்கு நாட்கள் கழித்துக் குதிரை வந்து இறங்கியது. அன்று மாலை முழுவதும் தலையைத் தொங்கவிட்டு நின்றதைப் பயணக் களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் லாயக் கதவைத் திறந்தபோது எதிரே நின்றது வேறொரு குதிரை. கண்ணில் வெள்ளை தெரிய, நான் கையை உயர்த்தியதும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் சேணத்தைப் பூட்டி ஏறினேன். அங்கவடியில் இரண்டாவது கால் நுழைவதற்குள் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி என்னைத் தள்ளிவிட்டது. மணிக்கட்டில் மெல்லிய எலும்பு முறிவு ஏற்பட்டு ஆறு வாரம் கட்டுப்போட்டிருந்தேன். புதிதாக வரும் எந்தக் குதிரையிலும் இரண்டு வாரம் நானே ஏறிப் பார்க்காமல் மாணவர்களை ஏற்றுவதில்லை என்பது என் பழைய வழக்கம். இந்த விவகாரம் முழுவதிலும் நான் கைவிடாத ஒரே நல்ல வழக்கம் அதுதான். அதையும் விட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமை மாலை அதன்மேல் இருந்திருக்க வேண்டியவள் 10 வயதுச் சிறுமி.

கால் கோளாறு வெளிப்படுவதற்கு மேலும் சில நாட்கள் ஆயின. ஒரே கையால் லாய வேலையைச் செய்துகொண்டிருந்ததால் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்க்க நேர்ந்தது. அதுவே உதவியாயிற்று என்று சொல்ல வேண்டும். காலைதோறும் வைக்கோல் படுக்கை ஒரு குறிப்பிட்ட விதத்தில் கலைந்திருந்தது. குதிரை இரவில் வைக்கோலை முன்னங்காலால் இழுத்துக் குவித்து, அந்தக் குவியலின்மேல் குதிகாலை ஏற்றி நின்றிருக்கிறது. பகலில் ஒரு முன்னங்காலைச் சற்று முன்னே நீட்டி வைக்கும். பிறகு மற்றொன்றை நீட்டும். குளம்பைச் சுத்தம் செய்ய இடது முன்னங்காலைத் தூக்கினால், முழுப் பாரத்தையும் வலது கால் தாங்க வேண்டியிருப்பதால், சில நொடிகளிலேயே காலைப் பறித்துக்கொள்ளும். கல் பாவிய முற்றத்தில் திரும்பும்போது வெந்நீரில் கால் வைப்பதுபோல் குறுகிய அடிகளாக வைத்தது.

லாடம் அடிப்பவர் வந்து குளம்பைத் தூக்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். லாடங்கள் புத்தம்புதியவை. அவற்றுக்கும் குளம்புக்கும் இடையே குதிகாலை உயர்த்தும் ஆப்பு வடிவப் பட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. "காரணம் இல்லாமல் இதை யாரும் வைக்கமாட்டார்கள், மாஸ்டர். டாக்டரை வரச்சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

குதிரை வந்த ஒன்பதாம் நாள் மருத்துவர் வந்தார். குதிரையை நேர்கோட்டில் டிராட் ஓடவிட்டபோது இடது முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலை மேலே போயிற்று. குதிகாலுக்கு மேலே இருபுறமும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, சில நிமிடங்கள் பொறுத்து, மறுபடியும் ஓடவிட்டார். இடது கால் சீரானது. உடனே வலது கால் நொண்டத் தொடங்கியது. இரு முன்னங்கால்களிலும் வலி இருந்ததால் இதுவரை ஒன்றை ஒன்று மறைத்திருந்தன. எக்ஸ்ரே எடுத்த பின் நாவிகுலர் நோய் என்று உறுதியாயிற்று. குளம்புக்குள் பின்பக்கமாக, படகு வடிவில் சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது. காலை மடக்கும் ஆழ்தசைநார் அதன்மேல் உராய்ந்து செல்கிறது. அந்த எலும்பும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் சிதைவதுதான் நோய். தகுந்த லாடத்தாலும் மருந்தாலும் வலியைத் தணிக்கலாமே ஒழிய, சிதைந்த எலும்பைப் பழையபடி ஆக்க முடியாது.

அப்படியென்றால் நான் பார்த்த அன்று எப்படிச் சீராக ஓடியது? ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிநீக்கியைத் தீவனத்தில் கலந்து கொடுத்திருப்பார்கள் என்பது மருத்துவரின் ஊகம். குதிரைகளுக்கு மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துதான் அது. தூளாகவே கிடைக்கும், கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரைப்பாகில் குழைத்து வைத்தால் குதிரை நக்கிவிடும். நாங்கள் எடுத்த இரத்த மாதிரியில் எதுவும் அகப்படவில்லை. பார்த்த நாளிலிருந்து அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டிருந்தது. ஆகையால் மருந்து கொடுத்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. படுக்கையில் குவிந்த வைக்கோலும், ஆப்புப் பட்டைகளும், என் மணிக்கட்டும் மட்டுமே இருக்கின்றன.

வயதும் பொய். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நானோ முழு விலை கொடுத்த குதிரையின் பல்லைப் பார்க்கவில்லை. மேல்தாடை வெட்டுப்பற்களில் கடைசிப் பல்லின் வெளிப்புறத்தில் ஏறத்தாழ 10 வயதில் ஈறோரமாக ஒரு பள்ளக்கோடு தோன்றும். 15 வயதளவில் பல்லின் பாதிவரையும் 20 வயதளவில் முழு நீளத்துக்கும் இறங்கும். 19ஆம் நூற்றாண்டில் குதிரைகளைப் பழக்கிய சிட்னி கால்வேனின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் கோட்டை வைத்துத் துல்லியமாக வயது சொல்ல முடியாது, இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாகலாம். ஆனால் 9 வயதுக் குதிரையின் பல்லில் அது பாதியைத் தாண்டி இறங்கியிருக்க வழியே இல்லை. பல்லில் செயற்கையாகக் குழி தோண்டிக் கருக்கி இளமை காட்டும் பழைய தந்திரத்தைக்கூட அவர் செய்யவில்லை. நான் பார்க்கமாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கழுத்தின் இடப்புறத்தில் பதித்திருந்த சில்லை மருத்துவர் கருவியால் படித்தபோது வந்த 15 இலக்க எண், குதிரையோடு கொடுத்த அடையாள ஏட்டில் இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. அந்த ஏடு வேறு ஏதோ பழுப்புக் குதிரையுடையது.

விற்பனையாளரை அழைத்தேன். முதல் முறை, உங்களுக்குக் குதிரையைக் கையாளத் தெரியவில்லை என்றார். இரண்டாம் முறை, என் லாயத்தில்தான் கால் கெட்டிருக்க வேண்டும் என்றார். மூன்றாம் முறையிலிருந்து அவருடைய தொலைபேசி இணைப்பே கிடைக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவர் ரசீதைப் பார்த்துவிட்டு, வயதும் சில் எண்ணும் பிள்ளைகள் ஏறத் தகுந்தது என்ற உறுதியும் எழுத்தில் இருந்திருந்தால் வழக்குத் தொடுக்க வழி இருந்திருக்கும் என்றார். நாக்கில் மட்டும் நிற்கும் வாக்குறுதிகளை ரசீதில் ஏற்றச் சொன்னால் விற்பவர் மனம் கோணுமோ என்று தயங்காதீர்கள். உண்மையான விற்பனையாளர் எழுதித் தருவார்.

இனி ஒரு குதிரை வாங்கினால், குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பேன். குதிரை சூடாகவோ சேணத்தோடோ இருந்தால், அன்று ஏறாமல் திரும்பி வேறொரு நாள் சொல்லாமல் போவேன். என் மருத்துவரை நானே அழைத்துப் போவேன். பிரிட்டனில் நடைமுறையில் உள்ள ஐந்து கட்டச் சோதனையில், நின்ற நிலையில் பார்ப்பது, நடையும் டிராட்டும் பார்ப்பது, கடுமையாக ஓட்டிப் பார்ப்பது, ஓய்வு கொடுத்துக் கவனிப்பது, மீண்டும் டிராட் பார்ப்பது என்று வரிசை உண்டு. அப்போது எடுக்கும் இரத்தத்தை ஆறு மாதம் சேமித்தும் வைக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்திலும் பார்க்கும் அன்றே இரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தும்படி உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். இரத்தம் எடுக்கப் போகிறோம் என்று சொன்ன மாத்திரத்திலேயே விற்பவரின் முகம் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.

குதிரை என்னிடமே இருக்கிறது. உண்மையைச் சொல்லி விற்றால் வாங்குவார் இல்லை. சொல்லாமல் விற்றால் நான் இந்தப் பதிவை எழுத முடியாது. குதிகாலுக்கு ஏற்ற லாடத்தோடு மணல் திடலில் பெட்டைக் குதிரைக்குத் துணையாக நிற்கிறது. மாணவர்கள் அதற்குப் பிடரி மயிர் வாரிவிடப் பழகுகிறார்கள்; ஏறுவதில்லை.

சென்ற வாரம் அதே இடத்தின் பின்னணியில், அதே நிழலில், வேறொரு குதிரையின் விளம்பரத்தைக் கண்டேன். சாம்பல் நிறம், 8 வயது, சிறுபிள்ளையும் ஏறலாம். படத்தில் அதற்கு ஏற்கெனவே சேணம் பூட்டியிருந்தது.