பெங்களூரில் நல்ல ரெட் ஒயினை எங்கே வைப்பது: பீரோவா, ஃப்ரிட்ஜா, ஒயின் பெட்டியா?

கல்யாணப் பரிசாக வந்த பரோலோ என்ற இத்தாலிய ரெட் ஒயின், வெளிநாட்டிலிருந்து வரும்போது டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய போர்தோ என்ற பிரெஞ்சு ஒயின், மகள் பிறந்த ஆண்டு லேபிளில் இருக்கிறதே என்று தேடி வாங்கிய கேபர்நே திராட்சை ஒயின். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்படி ஒரு பாட்டில் காத்திருக்கிறது. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் ஹால் ஷோகேஸைக் காட்டுகிறார்கள், மீதிப் பேர் பரணை. இந்த இரண்டையும் முதலிலேயே தள்ளிவிடலாம். ஷோகேஸில் வெளிச்சம் ஒயினின் மணத்தைக் கெடுக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், வீட்டிலேயே சூடான இடம்.

“பெங்களூரே ஒரு ஃப்ரிட்ஜ்தானே சார்” என்பார் அல்சூர் நண்பர் ஒருவர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால், சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒயினுக்கு வேண்டியது 12, 13 டிகிரி, அதுவும் வருஷம் முழுக்க. டிசம்பர் இரவில் இந்த ஊர் அதற்குக் கிட்டே வரும். ஏப்ரல் மதியத்தில் 35-ஐத் தொடும். 2016 ஏப்ரலில் 39.2 வரை போனது. சூடு ஏறினால் பாட்டிலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்கள் வேகம் பிடிக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பத்து வருஷத்தில் மெதுவாக வரவேண்டிய மாற்றம் அவசரமாக வந்தால் ருசி முதிராது. பழச்சுவை வெந்து ஜாம் போலாகிவிடும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிர்ந்தால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது தினமும் நடப்பதுதான் பெரிய கெடுதல்.

அடுத்து பீரோவும் கட்டிலடியும். என் ஓட்டு கட்டிலடிக்கு. இரும்பு பீரோ மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால், மாலையில் அதைத் தொட்டுப் பாருங்கள், புரியும். கட்டிலடி இருட்டு, தரை குளிர்ச்சி, யாரும் நகர்த்தமாட்டார்கள். தரைத்தளத்தில், வெயில் படாத உள் அறை என்றால் இன்னும் நல்லது. மீன் பார்சல் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, வாடை போனபின், பாட்டிலைப் பழைய வேட்டியில் சுற்றி அதற்குள் படுக்கவைத்து மூடினால், பகலுக்கும் இரவுக்குமான ஏற்ற இறக்கம் நன்றாகவே மட்டுப்படும். படுக்கவைப்பது கார்க் நனைந்தே இருப்பதற்காக. திருகு மூடி பாட்டில் எப்படி இருந்தாலும் சரி. ஆனால் பெட்டி ஏற்ற இறக்கத்தைத்தான் குறைக்கும், கோடையின் சராசரிச் சூட்டைக் குறைக்காது. ஆகவே ஒரு வருஷம் வரை கட்டிலடி போதும், பத்து வருஷத்துக்குப் போதாது. சந்தேகம் இருந்தால், அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைக் காட்டும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை ஏப்ரலில் ஒரு வாரம் அங்கே போட்டு வையுங்கள். அது காட்டும் எண்ணை நம்புங்கள், உங்கள் உடம்புக்குத் தோன்றும் குளிர்ச்சியை அல்ல.

சமையலறை ஃப்ரிட்ஜைப் பலரும் கூடவே கூடாது என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 4 டிகிரியில் ஒயின் முதிர்வது ஏறக்குறைய நின்றுபோகும், உள்ளே காற்று வறண்டிருப்பதால் வருஷக்கணக்கில் வைத்தால் கார்க் காயலாம். உண்மைதான். ஆனால் 35 டிகிரியில் வெந்துபோவதைவிட 4 டிகிரியில் தூங்குவது எவ்வளவோ மேல். மார்ச் கடைசியில் உள்ளே வைத்து, ஜூனில் மழை பிடித்ததும் கட்டிலடிக்கு மாற்றலாம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மாற்றத்தை நல்ல ஒயின் தாங்கும். நம் வீடுகளில் சிக்கல் வேறு. மாமியாரோ அம்மாவோ தங்க வந்திருக்கும்போது மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒயின் பாட்டில் படுத்திருந்தால் அவர்களுக்குச் சங்கடம். அவர்கள் மனசு எனக்கு முக்கியம் என்பதால், இந்த வழியைக் கோடைக்கான புகலிடமாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

மகளின் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டிய பாட்டில் என்றால் ஒயின் பெட்டிதான், அதாவது ஒயினுக்கென்றே செய்த ஃப்ரிட்ஜ்; வேறு பேச்சில்லை. அதிலும் இரண்டு வகை. கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தாலேயே நேரடியாகக் குளிர்விக்கும் தெர்மோஎலெக்ட்ரிக் வகை சத்தமில்லாதது, விலையும் குறைவு. ஆனால் அறைச் சூட்டைவிட ஏறத்தாழ 10, 12 டிகிரிதான் அதனால் இறக்க முடியும். அறை 33 என்றால் உள்ளே 21. எந்த மாதத்துக்காக வாங்கினீர்களோ அந்த மாதத்திலேயே கைவிட்டுவிடும். அதனால் கம்ப்ரசர் உள்ளதையே வாங்குங்கள். லேசான அதிர்வு இருக்கும், இருக்கட்டும். கண்ணாடிக் கதவு பால்கனி வெயிலைப் பார்க்காமல், பின்பக்கம் காற்றோட இடம் விட்டு வையுங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் உள்குளிர்ச்சி நிற்கும், இன்வெர்ட்டரில் இதற்கென்று தனி லைன் இழுக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு பாட்டிலுக்காக, அதன் விலையைப்போலப் பல மடங்கு கொடுத்துப் பெட்டி வாங்குவதா? பாட்டில் எது என்பதைப் பொறுத்தது. கடையில் விற்கும் ஒயின்களில் பெரும்பாலானவை சில வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை வைத்திருப்பதால் ருசி ஒன்றும் கூடிவிடாது. பரோலோ வேறு ஜாதி. மரப்பீப்பாயில் 18 மாதம் உட்பட 38 மாதமாவது முதிர்ந்த பிறகுதான் அது விற்பனைக்கே வரவேண்டும் என்று இத்தாலியச் சட்டம் சொல்கிறது. அது செய்யப்படும் நெபியோலோ திராட்சையின் டானின் என்ற துவர்ப்புப் பொருள், கடுந்தேநீர் மாதிரி நாக்கை இழுக்கும். அந்தத் துவர்ப்பு கனிய வருஷங்கள் ஆகும். நல்ல போர்தோவுக்கும் இந்தப் பொறுமை வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு, மூன்று பாட்டில் சேர்ந்துவிட்டால் பெட்டிச் செலவு எனக்கு நியாயமாகவே படுகிறது. நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குவதும் நல்ல யோசனை.

ஏற்கெனவே சில கோடை பரணில் கிடந்த பாட்டில் என்றால், பெட்டி வாங்கும் முன் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறதா, கார்க் மேலே எழும்பி உறையை முட்டுகிறதா, உறையின் விளிம்பில் விரல் வைத்தால் பிசுபிசுக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இனி காத்திருந்து பயனில்லை. இன்றே நிமிர்த்தி வைத்து, ஒரு நாள் கழித்து அடிவண்டல் தங்கியதும், மெதுவாகச் சாய்த்து ஊற்றிக் குடித்துவிடுங்கள்.