இந்தப் பக்கம் ஐயா, அந்தப் பக்கம் அம்மா

இந்த முறை சென்னையில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள்தான். அத்தை வீட்டு விசேஷம், பேங்க் வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். வியாழக்கிழமை மாலை எழும்பூர் மியூசியத்தில், வெண்கலச் சிலைகளுக்கு நடுவே கழிந்த அரை மணி நேரம்தான் இன்னும் மனசில் நிற்கிறது. மறுநாள் வெள்ளி, மியூசியம் லீவு. அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்.

புரசைவாக்கத்திலிருந்து எழும்பூர் பக்கம்தான். அதற்கே எனக்கு ஐம்பது நிமிஷம் போனது. ஆட்டோ பிடிக்க ஆப், ஆப்புக்கு ஓடிபி, ஓடிபிக்கு இந்திய நம்பர். என் பிரெஞ்சு சிம்முக்கு எதுவும் வரவில்லை. அத்தை மகன் போனில் போட்டுப் பார்த்தோம். மூன்று பேர் வரிசையாக "கேஷா, ஆன்லைனா சார்?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்தார்கள். பாரிஸில் மெட்ரோ பாஸை ஒரு தட்டுத் தட்டினால் கதவு திறந்துவிடும். பிறந்து வளர்ந்த தெருவில் வழி தெரிந்தும் போக முடியாமல் நின்றது எரிச்சலாக இருந்தது.

கடைசியில் மெயின் ரோட்டுக்கு நடந்தே போய் ஒரு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன். "பாந்தியன் ரோடு, மியூசியம்" என்றேன். பெரியவர் திரும்பிப் பார்த்து, "செத்த காலேஜா? ஏறுங்க" என்றார். எரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது. என் பாட்டி அப்படித்தான் சொல்வாள்: மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். 1985-இல் மிருகங்கள் வண்டலூருக்குப் போனதோடு முதல் பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. இரண்டாவதை ஒருவர் வாயால் மறுபடி கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

உள்ளே போகும்போது மணி நாலு தாண்டியிருந்தது. பள்ளியில் கூட்டிப்போனபோது பார்த்ததெல்லாம் திமிங்கல எலும்புக்கூடும், மரத்தடி எலுமிச்சை சாதமும்தான்; சிலைகளை இரட்டை வரிசையில் ஓட்டமாகக் கடந்தோம். திருவாலங்காட்டு நடராஜர் இங்கே இருக்கிறார் என்பதையே நான் பாரிஸில்தான் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சுச் சிற்பி ரொடான் இந்த நடராஜரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்து உருகி எழுதியிருக்கிறார். அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1921-இல் அது அச்சானது. நேரில் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒருவர் அப்படி எழுதியிருக்க, புரசைவாக்கத்துப் பையன் நான் பார்க்காமலே ஊரை விட்டுப் போயிருந்தேன்.

அந்த நடராஜரைத் தேடித்தான் போனேன். ஆனால் வழியில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்றுவிட்டேன். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. போனில் படம் எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊழியர் அம்மா எழுந்து வந்தார். படம் எடுக்கக் கூடாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நேரா நின்னா பாதிதான் தெரியும் தம்பி. அப்படி ஓரமா வாங்க."

சாமியின் வலப்பக்கம் போய் நின்றேன். இரண்டு கை, சடைமுடி, தொடையோடு நிற்கும் ஆடை. முழு ஆண். "இப்ப இந்தப் பக்கம் வாங்க." இடப்பக்கம் ஒரே கை. இடுப்பு வளைந்து ஒதுங்குகிறது, ஆடை கணுக்கால் வரைக்கும் இறங்குகிறது. முழுப் பெண். மறுபடி முன்னால் வந்து நின்றேன். இரண்டு பேரும் ஒரே உடம்பில் எந்தச் சண்டையும் இல்லாமல் நிற்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் என்று எதையும் காட்ட முடியாது. மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றியது. வார்ப்பதற்கு முன்பே, மெழுகிலேயே அந்த ஸ்தபதி இரண்டு பக்கத்தையும் யோசித்திருக்க வேண்டும்.

பாரிஸில் கிமே அருங்காட்சியகத்திலும் நம் சோழ நடராஜர் ஒருவர் இருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் பிள்ளைகளோடு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வெளிச்சம், அமைதி, விளக்கப் பலகை எதற்கும் குறைவில்லை. காவலர்கள் மரியாதையாக "போன்ழூர்" சொல்வார்கள். ஆனால் ஒருவர்கூட என்னை நகர்ந்து நிற்கச் சொன்னதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. இந்த அம்மாவுக்கும் அது வேலை இல்லைதான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"தினம் இவங்களோடதானே இருக்கேன். ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி நாற்காலி போட்டுப்பேன்."

அதற்குள் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. திருவாலங்காட்டுக்காரரிடம் போனபோது பத்து நிமிஷம்கூட மிச்சமில்லை. போனை எடுக்கவில்லை. முதலில் சாமியின் இடப்பக்கமாக நின்றேன், அப்புறம் வலப்பக்கம். தூக்கிய காலின் பாதம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரிந்தது. அந்த அம்மா தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார்.