பித்தளை நட்டுகளோடு எட்டு வருடம்

என்னிடம் இருப்பது ஒரு பழைய நாலு சிலிண்டர் கார். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இதுவரை மூன்று முறை கழற்றியிருக்கிறேன்.

முதல் முறை ஒன்றும் தெரியாது. துருநீக்கி எண்ணெயை அடித்துப் பத்தே நிமிஷத்தில், பன்னிரண்டு முனை சாக்கெட்டில் நீளக் கைப்பிடி மாட்டி இழுத்தேன். ஒரு நட்டு மழுங்கியது. அடுத்தது லேசாகத் திரும்பவே, ஆகா என்று பார்த்தால் நட்டு ஏறியிருக்கும் மரைத்தண்டான ஸ்டட்டே முறிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே நின்ற துண்டில் துளை போட்டு, அதைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் சொருகினேன், அதுவும் உள்ளேயே உடைந்தது, அது கடினமாக்கிய எஃகு என்பதால் சாதாரண டிரில் அதில் ஏறவே ஏறாது. கடைசியில் மேனிஃபோல்டு மாட்டியிருக்கும் இன்ஜின் ஹெட்டையே கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டாவது முறை மேனிஃபோல்டில் விரிசல். இப்போது அவசரமே படவில்லை. மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய், ஆறு முனை சாக்கெட், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து அப்புறம்தான் கழற்றும் பக்கம். அடம்பிடித்த இரண்டு நட்டுகளை மட்டும், எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, தீச்சுடர் அடிக்கும் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சினேன். எண்ணெய் மூன்று நாளில் செய்யாததைச் சூடு இரண்டு நிமிஷத்தில் செய்தது. என்னுடையது வார்ப்பிரும்பு ஹெட், அதனால் துணிந்தேன். அலுமினிய ஹெட் என்றால் ரொம்ப ஜாக்கிரதை, 660 டிகிரிக்கும் கீழேயே, சிவக்காமலே உருகிவிடும்.

திரும்ப மாட்டும்போது புது ஸ்டட்டும் பித்தளை நட்டும் போட்டேன். எஃகு நட்டைப் போலப் பித்தளை துருவேறி ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாது. அதில் ஒரு குறையும் உண்டு, மெத்தென்ற உலோகம், கொஞ்சம் பலம் கூடினால் மரை போய்விடும். இறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். நாலைந்து தடவை ஓட்டியபின் மறுபடி இறுக்கச் சொன்னார்கள், நான் மறந்தேன், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதெல்லாம் புகை கசிந்து டிக் டிக் என்று சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

இந்த வருடம் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கட் போனதால் மூன்றாவது முறை கழற்றினேன். எண்ணெயும் இல்லை, டார்ச்சும் இல்லை, எல்லா நட்டும் வெறும் ஸ்பேனருக்கே வந்தன. ஆனால் நேர்கோல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறது. மறுபடியும் லேத்துக்குத்தான்.