இலை வண்ண அட்டை: ஒரு சம்பா முழுக்க வைத்துப் பார்த்தது

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. இளம்பச்சையில் தொடங்கி கரும்பச்சை வரை ஆறு பட்டைகள். விலை நூறு ரூபாய்க்கும் கீழேதான். மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கரில் சி.ஆர். 1009 ரக நெல் நட்டிருந்தேன். மேலுரமாக யூரியா எப்போது போடுவது என்ற முடிவை இந்தத் தடவை முழுக்க இதனிடமே விட்டேன்.

நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். மேலே முழுதாக விரிந்த இலையைப் பிடித்து, நடுப்பாகத்தைப் பட்டைமேல் வைக்கணும். பத்து இலை. வெள்ளைப் பொன்னி என்றால் 3-ஆம் பட்டை, மற்ற ரகங்களுக்கு 4-ஆம் பட்டை என்பது கணக்கு. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே வெளுத்திருந்தால்தான் யூரியா. சம்பாவுக்கு ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது ஏக்கருக்கு 26 கிலோ யூரியா.

முதல் வாரமே சொதப்பினேன். பதினோரு மணி வெயிலில் பார்த்தால் எல்லா இலையும் 3 போலத் தெரிந்தது. யூரியா மூட்டையைப் பிரித்தும் விட்டேன். மறுநாள் காலை எட்டரைக்கு, வெயிலுக்கு முதுகைக் காட்டி என் நிழலிலேயே வைத்துப் பார்த்தால் ஏழு இலை 4-ல் நிற்கிறது! பிரித்த மூட்டையைத் திரும்பக் கட்டி வைத்தேன்.

வழக்கமாக ஏக்கருக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு மூட்டை என்று 135 கிலோ இறைப்பேன். இந்தத் தடவை மூன்று தடவையும் சேர்த்து 78 கிலோ. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பதால், மிச்சம் ஏக்கருக்கு 340 ரூபாய்கூட இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் போன வருஷம் யூரியா மிஞ்சி, பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நின்று புகையான் பூச்சி விழுந்ததில், மருந்தும் கூலியுமாக ஏக்கருக்கு 1,800 போனது. இந்த வருஷம் மருந்தே அடிக்கவில்லை. மழையும் கைகொடுத்தது, எல்லாப் பெருமையும் அட்டைக்கு இல்லை. மூட்டை குறைந்ததில் இன்னொரு நிம்மதி: யூரியாவோடு நான் கேட்காத வேறு சரக்கு ஒரு பாட்டிலையும் எடுத்தால்தான் பில் போடுவேன் என்ற உரக்கடைக்காரரிடம் அத்தனை தடவை நிற்க வேண்டியிருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தழைச்சத்து தவிர வேறெதுவும் இதற்குத் தெரியாது. வடிகால் ஓரம் தண்ணீர் தேங்கி மஞ்சளான பயிரையும், துத்தநாகம் இல்லாமல் வெளுத்ததையும் யூரியாப் பசி என்றே காட்டும். அங்கெல்லாம் நம் கண்தான் வேலை செய்யணும். மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் மண் பரிசோதனைதான் வழி.

அப்புறம், வெயில் படாமல் வையுங்கள். மோட்டார் கொட்டகை ஜன்னலோரம் கிடந்ததில் என் அட்டையில் நாலாம் பட்டை வெளுத்து மூன்றாவது மாதிரி ஆகிவிட்டது. இனி பசியோடு நிற்கும் பயிரைக்கூட வயிறு நிறைந்ததாகச் சொல்லும். அடுத்த சம்பாவுக்குப் புதுசு வாங்க வேண்டும்.