மஞ்ஞள் அல்ல, மஞ்சள்: தமிழ் வேர்டில் ஆடிப் பார்த்ததில்

வேர்டில் என்பது மறைந்திருக்கும் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டு. ஜோஷ் வார்டில் 2021 அக்டோபரில் வெளியிட்ட ஆங்கில வேர்டிலில் 26 எழுத்து, ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு. அதையே தமிழில் ஆடினால் எழுத்து 247. உயிரெழுத்து நிறைந்த சொல்லில் தொடங்கு என்ற ஆங்கில யோசனை இங்கே பலிக்காது; தனி உயிர் சொல்லின் முதலில்தான் வரும், நடுவில் போட்டால் கட்டம் வீண். மாதக்கணக்கில் தினமும் ஆடியதில் கைகொடுப்பது புள்ளி வைத்த எழுத்துதான்.

நாலெழுத்து ஆட்டம் ஒன்றைப் பார்ப்போம். போட்ட எழுத்து சரியான கட்டத்தில் இருந்தால் பச்சை, வேறு கட்டத்துக்கு உரியதானால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் சாம்பல். முதலில் 'பட்டம்'. நாலும் சாம்பல். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: ம் இல்லையென்றால் ம-வும் இல்லை என்று அடித்துவிடுகிறார்கள். ம் வேறு, ம வேறு. அடுத்து 'தங்கள்': ள் பச்சை. மூன்றாவதாக 'அஞ்சல்'. முடிவு ள் என்று தெரிந்தும் ல் போடுவது தப்பில்லை, நடுவைச் சோதிக்கத்தான் இந்தச் சொல். ஞ், ச இரண்டும் பச்சை. நாலாவது வாய்ப்பில் 'மஞ்சள்'.

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழருக்கு இந்தச் சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. காது நாள் முழுக்க மலையாளத்தில் 'மஞ்ஞள்' என்றே கேட்கிறது; ஞ் கிடைத்ததும் கை அடுத்த கட்டத்தில் ஞ-வைத் தேடும். தேங்ங, மாங்ங என்று கேட்பதும் அப்படித்தான். தமிழில் பெரும்பாலும் ங்-க்குப் பின் க வரிசை, ஞ்-க்குப் பின் ச வரிசை, ந்-க்குப் பின் த வரிசை. இந்த இணைகள் மனப்பாடமானால் ஒரு மெய் கிடைத்தாலே அடுத்த கட்டம் பாதி முடிந்த மாதிரி. க், ச், த், ப் வந்தால் அதே எழுத்துதான் தொடரும். சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் விலக்கு. ட், ற் மட்டும் கொஞ்சம் சுதந்திரம்: நட்பு, கட்சி, முயற்சி.

கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் போடவே வேண்டாம். ம், ல், ள், ர், ன் எல்லாம் சாம்பலானால் ஐகார முடிவைப் பாருங்கள். மலையாளத்தில் மல, தல என்று பழகிய நாக்குக்கு மலை, தலை சட்டென்று தோன்றாது.

மலையாள வழியில் படித்தவர்களுக்கு ந, ன குழப்பமும் உண்டு, அங்கே இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. சொல் முதலிலும் த-வுக்கு முன்பும் ந, மற்ற இடத்தில் ன என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும். ழ, ள விஷயத்தில் எல்லைக்காரர்களுக்குத்தான் சாதகம். மலையாளம் இரண்டையும் தெளிவாகப் பிரித்தே ஒலிக்கிறது, அதனால் காதை நம்பலாம்.

ஆளை விழுங்கும் இடம் '_ட்டம்'. பட்டம், கட்டம், வட்டம், சட்டம், மட்டம், ஆட்டம், ஓட்டம், கூட்டம்... ஒவ்வொன்றாகப் போட்டால் ஆறு வாய்ப்பும் கரைந்துவிடும். அப்போது 'கவசம்' போடுங்கள். க பச்சையானால் கட்டம்; வ அல்லது ச மஞ்சளானால் வட்டம் அல்லது சட்டம். மூன்றும் சாம்பலானால் ஒரே அடியில் மூன்று சொல் கழிந்தது. கட்டம் கழிந்தாலும் கூட்டம் கழியாது, கூ தனி எழுத்து. கிடைத்த குறிப்பை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆகவேண்டும் என்ற கடின முறையில் இந்த வழி அடைபட்டுவிடும். அதை அணைத்துவிட்டு ஆடுவதே நல்லது.