எம்1 ஹெல்மெட்: போர்க்கால அசலா, வியட்நாம் காலமா, ஐரோப்பியத் தயாரிப்பா?

அமெரிக்க ராணுவம் 1941-ல் எடுத்துக்கொண்ட எம்1 இரும்பு ஹெல்மெட் 1980-கள் வரை புழக்கத்தில் இருந்தது. அந்தப் பெயரில் இன்று விற்பனைக்கு வருபவை மூன்று வகை: இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை, வியட்நாம் காலத்தவை, போருக்குப் பின் பெல்ஜியம், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி போன்ற நாடுகள் தங்கள் படைக்காக அதே வடிவில் செய்தவை. மூன்றாவது வகை போலி அல்ல. அதைப் போர்க்கால அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

எம்1-ல் வெளியே இரும்பு ஓடு, அதற்குள் கழற்றக்கூடிய உள்கூடு என்று இரண்டு பாகம் உண்டு. ஓடு ஐரோப்பியத் தயாரிப்பா என்று கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். உள்கூட்டைக் கழற்றி, ஓட்டின் உச்சியில் வையுங்கள். அமெரிக்க ஓடு ஹேட்ஃபீல்டு எஃகு. அதிலுள்ள 12 சதவீத அளவு மாங்கனீசால் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் பேருக்குத்தான். ஐரோப்பிய ஓடுகளில் பெரும்பாலும் பட்டென்று பிடித்துக்கொள்ளும். தாடைப்பட்டியின் பக்கிள்மேல் வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

போர்க்கால ஓட்டில்தான் படிக்க நிறைய இருக்கிறது. விளிம்புப் பட்டையின் இணைப்பு முன்பக்கம் இருந்தால் 1944 இறுதிக்கு முந்தையது. பின்பக்கம் என்றால் அதற்குப் பிந்தையது. ஆனால் 'பின் இணைப்பு என்றால் போருக்குப் பிந்தையது' என்று சொல்வது தவறு, கடைசி மாதங்களின் ஓடுகளும் அப்படித்தான். அடுத்து, தாடைப்பட்டி வளையம். முதலில் அசையாமல் பற்றவைத்திருந்தார்கள். கீழே விழுந்தால் ஒடிந்தது. அதனால் 1943-ல் அசையும் வளையத்துக்கு மாறினார்கள். அசையா வளையத்துக்கு விலை அதிகம், ஆகவே அசையும் வளையத்தை அறுத்துவிட்டு மாற்றிப் பற்றவைக்கும் வேலையும் நடக்கிறது. வளையத்தைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் வேண்டாம்.

முன்விளிம்பின் உட்புறம் எஃகு வார்ப்பு எண் குத்தியிருக்கும். எஸ் எழுத்தும் சேர்ந்திருந்தால் தயாரித்த நிறுவனம் ஷ்லூட்டர், பெரும்பாலான மற்றவை மெக்கார்ட் நிறுவனத்தவை. எண் பெயின்ட்டில் மூழ்கியிருந்தால் சுரண்டாமல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து மேலேறும் மயிரிழை விரிசல் குண்டு பட்டதல்ல. அழுத்தி வடித்தபோது எஃகில் தங்கிய இறுக்கம் பின்னாளில் பிளந்தது. சிறியதானால் விலையைக் குறைத்து வாங்கலாம்.

வியட்நாம் காலத்தில் குழப்பம் குறைவு. உள்கூட்டில் டிஎஸ்ஏ 100 (டிஎஸ்ஏ என்பது அமெரிக்கப் பாதுகாப்புக் கொள்முதல் அமைப்பு) என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணில் ஆண்டும் இருக்கும். முதல் ஹெல்மெட் வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இந்த வியட்நாம் கால ஹெல்மெட்தான். படம் பிடிக்கவோ மேடைக்கோ என்றால் ஐரோப்பியமே போதும். போர்க்கால ஓடு தேடினால், அசையும் வளையமும் முன் இணைப்பும் உள்ளது கொடுக்கும் காசுக்குத் தகும்.

'ஓடும் உள்கூடும் அசல் ஜோடி' என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். படைக் கிடங்குகளிலேயே அவை மாறிக்கொண்டே இருந்தன. வாங்கிய பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மெல்லிய மெழுகு பூசினால் போதும். கார்க் தூள் கலந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடித்தால் பாதி விலை அங்கேயே போய்விடும்.