செகண்ட் ஹேண்டில் பெரிய குரூஸர்: சூப்பர் மீட்டியோரா, ஸ்ட்ரீட் 750-ஆ, வல்கனா?

செகண்ட் ஹேண்டில் பெரிய குரூஸர் (தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து நிதானமாக நெடுந்தூரம் ஓட்டும் வகை பைக்) தேடுகிறவர்களுக்கு மூன்று, நான்கு லட்சத்தைச் சுற்றி இப்போது கண்ணில் படுபவை பெரும்பாலும் மூன்று வண்டிகள்தான்: ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650, ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் 750, கவாஸாகி வல்கன் எஸ். மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, 2023 மாடல் சூப்பர் மீட்டியோர் ஒன்றை அதன் முதல் ஓனரிடமிருந்து வாங்கினேன். ஆகவே நான் எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. நான் இருப்பது திருநெல்வேலியில். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஓட்ட எது சுகம் என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேகம் வேண்டுமென்றால் வல்கன். அதன் 61 குதிரைத்திறனுக்கு முன்னால் சூப்பர் மீட்டியோரின் 47 ஒன்றுமில்லை. குறைந்த வேகத்திலேயே கியர் குறைக்காமல் இழுத்துக்கொண்டு போகும் வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்) சுகம் ஸ்ட்ரீட்டில் மட்டும்தான். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்ட சூப்பர் மீட்டியோர். எடை மூன்றுக்கும் 230 முதல் 241 கிலோவுக்குள். பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது மூன்றுமே உயிரை வாங்கும். ஆனால் ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது அந்த எடைதான் தைரியம்.

சரி, ரிலையபிலிட்டிக்கு வருவோம். பழைய பெரிய பைக் என்றதும் எல்லோரும் கேட்பது, "இன்ஜின் எப்படி, அடிக்கடி மக்கர் பண்ணுமா?" என்றுதான். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்திருந்தால் இந்த மூன்று இன்ஜின்களும் லேசில் படுக்காது. வயதான வண்டியில் போவது மற்ற சாமான்கள்: சென்சார், ரெகுலேட்டர், ஃபோர்க் ஆயில் சீல், வீல் பேரிங், கிளட்ச் கேபிள். இவை எந்தக் கம்பெனி வண்டியிலும் ஒருநாள் போகத்தான் செய்யும். போனால் புதுச் சாமான் எத்தனை நாளில் கைக்கு வரும், அதை மாட்டத் தெரிந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைத்தான் நான் ரிலையபிலிட்டி என்று எடுத்துக்கொள்கிறேன். நண்பர் ஒருவரிடம் வேறொரு பெரிய பைக் இருந்தது. இந்த மூன்றில் சேராதது. இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது. ஒரு சின்ன சென்சார் வரவேண்டும் என்று மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு போர்டிகோவில் நின்றது.

அந்தக் கண்ணோடு ஸ்ட்ரீட் 750-ஐப் பாருங்கள். 2014இல் 4.10 லட்சம் ஷோரூம் விலையில் வந்து, ஹார்லி என்பது நமக்கும் எட்டும் என்று பலரை நம்ப வைத்த வண்டி. ஹரியானாவில் பாவல் தொழிற்சாலையில் செய்தார்கள். 2020 செப்டம்பரில் ஹார்லி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஒப்பந்தம் போட்டு விற்பனை, சர்வீஸ், ஸ்பேர் எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தது. ஆகவே ஸ்பேரே கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 749 சிசி இன்ஜினுக்கு வாரிசு இல்லை. ஹார்லி பெயரில் ஹீரோ செய்யும் எக்ஸ்440 ஒற்றை சிலிண்டர் வண்டி. அதன் சாமான் இதற்கு உதவாது. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு ஸ்பேர் இருப்பு வருடா வருடம் குறையுமே தவிர ஏறாது. டயரில்கூட இது தெரியும். பின் சக்கரம் 15 அங்குலம், 140/75. எம்.ஆர்.எஃப். டயரோடு வந்த வண்டிதான், ஆனால் நம் ஊர் டயர் கடையில் கேட்டால் "ஆர்டர் போடணும் அண்ணாச்சி" என்பதுதான் பதில்.

ஸ்ட்ரீட்டின் பெல்ட் டிரைவ் எனக்கு மிகவும் பிடித்தது. செயின் போல ஆயில் போடும் வேலை இல்லை, சத்தம் இல்லை, பேன்ட்டில் கறை இல்லை. இன்ஜின் சூடுதான் தாங்காது. மே மாத மதியத்தில் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் தொடை வெந்துவிடும்.

இனி சூப்பர் மீட்டியோர். 2023 ஜனவரியில் 3.49 லட்சத்திலிருந்து விற்பனைக்கு வந்தது, அதனால் சந்தையில் இருப்பவை எல்லாமே வயது குறைந்தவை. இன்ஜின் மட்டும் பழையது. 2018இல் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி இரண்டோடும் வந்த அதே 648 சிசி ட்வின் (இரட்டை சிலிண்டர்). பிறகு ஷாட்கன், பியர், கிளாசிக் 650 என்று அதே இன்ஜினை வைத்தே வண்டி மேல் வண்டியாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய மாடலையே மாற்றி மாற்றி விற்கிறார்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. இன்ஜினுக்குள் இருக்கும் சாமான்களில் பெரும்பாலானவை பொதுவானவை. நாளைக்கே சூப்பர் மீட்டியோரை நிறுத்தினாலும் மற்ற மாடல்களுக்காக அந்தச் சாமான்கள் வந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலையும் ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தைத் தாண்டவே வேண்டாம்.

அமைப்பும் சிக்கலில்லாதது. காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின். கூலன்ட், வாட்டர் பம்ப் என்ற பேச்சே இல்லை. வால்வு இடைவெளியை ஸ்க்ரூவையும் லாக் நட்டையும் திருப்பியே சரிசெய்துவிடலாம். ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் வரை போகலாம். எங்கள் பக்கம் புல்லட் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எல்லோருக்கும் 650 ட்வின் அத்துப்படி என்று சொல்லமாட்டேன். எலெக்ட்ரானிக் சமாச்சாரம் என்றால் ஷோரூமுக்குப் போகச் சொல்லிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பிரேக் பேட், கேபிள், செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் கடையிலேயே முடிந்துவிடும். நிறுத்தியிருந்த என் வண்டியை யாரோ சாய்த்துவிட்டுப் போனதில் கிளட்ச் லிவரும் இண்டிகேட்டரும் உடைந்தன. மறுநாள் மதியத்துக்குள் இரண்டையும் மாட்டியாகிவிட்டது. லெக் கார்டு, சீட், பெட்டி மாதிரி மேல் சாமான்களுக்கு சென்னை ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது.

விற்கும்போதும் இந்த வண்டி கைவிடாது என்றுதான் நினைக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு முன் செஸ்ஸையும் சேர்த்து 31தான். புது வண்டி விலை ஏறியதால் பழையதை வைத்திருப்பவர்களும் விலையை இறக்க மறுக்கிறார்கள். வாங்கும்போது எரிச்சலாக இருக்கும், விற்கும்போது உதவும்.

குறைகளும் உண்டு. பின் சஸ்பென்ஷன் கடினம். நாலுவழிச் சாலையில் தெரியாது, ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையையும் இடுப்பு எண்ணும். எழுபதாயிரம், எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய சூப்பர் மீட்டியோரை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த இன்ஜினின் நீண்ட ஓட்டத்தைப் பற்றி எனக்கு இருக்கும் நம்பிக்கை, இன்டர்செப்டர் வைத்திருப்பவர்களிடம் கேட்டதில் வந்தது.

வல்கன் எஸ்ஸை ஓட்டியது கொஞ்ச நேரம்தான், அதனால் அதிகம் பேசவில்லை. நிஞ்ஜா 650 குடும்பத்து இன்ஜின். அதன் உழைப்பில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் சர்வீஸுக்குப் பெரிய நகரங்களுக்குத்தான் போகவேண்டும், வால்வு இடைவெளிக்கு ஷிம் (அளவெடுத்துப் போடும் சின்னத் தகடு) மாற்றவேண்டும், முன் டயர் 18 அங்குலத்தில் 120/70 என்ற அரிதான அளவு. சென்னையில் வீடு இருந்து, சர்வீஸ் ரசீதுகள் முழுதாக உள்ள வண்டி கிடைத்திருந்தால் நானே வல்கனை எடுத்திருக்கலாம்.

ஸ்ட்ரீட்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஏ.பி.எஸ். (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) வந்த 2017க்குப் பிந்தைய வண்டியைத் தேடுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொள்ளாமல் சுற்றவேண்டும். முன் பிரேக் காலிப்பருக்காக 2019இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீட் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பெல்ட்டில் வெடிப்பு, கல் குத்திய ஓட்டை இருக்கிறதா என்று வண்டியை உருட்டி முழுச் சுற்றும் பாருங்கள். பெங்களூரு, டெல்லி பதிவு வண்டிகள் மலிவாகத் தெரியும். அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டினால் அந்த மலிவு போய்விடும். லோன் முடிந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இன்னொரு வேலை. எந்த வண்டியானாலும் அதன் சர்வீஸ் சென்டரின் ஸ்பேர் கவுன்ட்டருக்கு போன் போட்டு, ஃபோர்க் ஆயில் சீல், ரெகுலேட்டர், கிளட்ச் பிளேட் மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். நான் மூன்று வண்டிக்கும் கேட்டேன். "இருக்கு, வாங்க" என்று உடனே பதில் வந்தது ஒரு இடத்தில்தான்.